தள்ளுவண்டியில் போன தக்காளிக் கன்றுகள்

எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. அந்தக் குளிர்காலம் முடிகிற நேரத்தில் அவள் குதிக்கால் நிலத்தில் படாமல் நடக்கத் தொடங்கியிருந்தாள். காரணம் நான்தான். கொலோன் நகரத்தின் ஓரத்தில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். பிள்ளை ஓடினால் கீழ்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் அறை முகட்டில் இடிப்பார். அந்தச் சத்தத்துக்குப் பயந்து, "நுனிக்காலில நட குஞ்சு" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். அவளும் சொல்வழி கேட்கிற பிள்ளை. கடைசியில் தெருவிலும் கடையிலும் புல்வெளியிலும்கூட நுனிக்காலில்தான் போனாள். பயந்துபோய்ப் பிள்ளைகள் வைத்தியரிடம் அவளைக் கொண்டு ஓடினேன். காலில் ஒரு குறையும் இல்லை, நன்றாக ஓட விடுங்கள் என்றார். எங்கே ஓட விடுவது?

என் கணவர் ஓர் இத்தாலிய உணவகத்தில் பிஸ்ஸா போடுகிறவர். திங்கட்கிழமைகளில் உணவகம் பூட்டு. அப்படியொரு திங்களில் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, பால் முடிந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார்.

"முதலாளியிட்ட ஒரு தோட்டம் சும்மா கிடக்குதாம். வேணுமோ எண்டு கேக்கிறார்."

"என்ன தோட்டம்?"

"ஷ்ரேபர் தோட்டம். ட்ராமில கடைசித் தரிப்பில இறங்கவேணும்."

மாடி வீடுகளில் இருக்கிற நகரத்து ஆட்கள் ஊர் எல்லையில் குத்தகைக்கு எடுக்கும் துண்டுக் காணிகளை அப்படிச் சொல்வார்கள். வேலி, ஒரு சின்ன மரக்கொட்டில், அதைச் சுற்றிப் பாத்திகள். முதலாளி எப்போதோ ஆசைப்பட்டு எடுத்தவர். உணவகத்தை விட்டு நகர முடியாத மனுஷன் தோட்டத்துக்கு எப்படிப் போவது? புல் இடுப்பளவுக்கு வளர்ந்துவிட்டது. தோட்டச் சங்கத்தார் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். கோடையில் பார்வையிட வரும்போது காணியில் மூன்றில் ஒரு பங்காவது காய்கறி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

"காப்பாத்திக் குடுத்தா உங்கட பேருக்கே மாத்திவிடுறன் எண்டுறார். தனக்குத் தக்காளியும், பிஸ்ஸாவில போடுற பசிலிக்கத் துளசியும் தந்தாப் போதுமாம். உமக்கு ஏலுமோ?"

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "அங்க பிள்ளை ஓடலாமோ?"

"கீழ்வீட்டில மண்புழுதான் இருக்கும். அது இடிக்காது."

அன்று முதல் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஏலுமோ ஏலாதோ என்ற பயம் ஒருபக்கம், பிள்ளை ஓடப்போகிறாள் என்ற துள்ளல் மறுபக்கம். நான் உயர்தர வகுப்பில் தாவரவியல் படித்தவள். தண்டின் குறுக்குவெட்டு முகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் என் கையால் ஒரு வெண்டி நட்டுக் காய்த்தது கிடையாது. ஆகவே நட முன்னர் வரைந்தேன். தெற்குப் பக்கம் தக்காளி, வேலியோரம் போஞ்சி, கொட்டிலடியில் சுக்கினி, நடுவில் பசிலிக்கம். மறுநாள் அழித்துவிட்டுத் தக்காளியைக் கிழக்குக்கு மாற்றினேன். அதற்கு அடுத்த நாள் பழையபடி தெற்கு. கணவர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, தக்காளி இன்னும் முளைக்கேல்லை, அதுக்குள்ள நாலு வீடு மாறிட்டுது" என்றார்.

முளைத்தது. யோகட் கோப்பைகளில் போட்ட விதைகள் எல்லா யன்னல் ஓரங்களிலும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. குளிக்கிற அறை யன்னலில்கூட ஒரு வரிசை. மகள் காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றுக்கும் குட்டன் மோர்கன் சொல்லிக்கொண்டு போவாள். நுனிக்காலில்.

புல் வெட்டிக் கொத்துகிற வேலைக்கு முதலாளியும் மனைவியும் ஒரு திங்கட்கிழமை வந்தார்கள். அந்த மனைவியைப் பற்றி என் மனதில் ஒரு படம் இருந்தது. சிசிலியிலிருந்து வந்த குடும்பம், மண்ணோடு வளர்ந்த கை, எல்லாம் தெரிந்திருக்கும் என்று. அவளோ சிவப்பு நகப்பூச்சோடு காரிலிருந்து இறங்கி, மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று பார்த்தாள். பிறந்தது, படித்தது, கட்டியது எல்லாம் கொலோனிலேயே. "சிசிலி எனக்கு கோடை லீவுக்குப் போற இடம். அங்க நான் கடலைத்தான் பாத்திருக்கிறன், தக்காளிச் செடியைப் பாக்கேல்லை" என்று சிரித்தாள். நாங்கள் பேசியது டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில். அவளுடைய டொச் ஓடும், என்னுடையது தத்தும். சிக்னோரா என்று மரியாதையாகக் கூப்பிட்டேன். அது தன் மாமியாருக்கு வைத்த பெயர் என்றாள். எங்கள் வழக்கத்தில் மூத்தவளை எப்படிக் கூப்பிடுவோம் என்று கேட்டு, அன்றைக்கே எனக்கு அக்கா ஆகிவிட்டாள்.

மண்வெட்டி தெரியாதே தவிர, சமையல் அக்காவின் கையில் கிடந்தது. அன்று கொத்தி முடித்து, மண் அப்பிய காலோடு அவர்கள் வீட்டுக்குப் போனோம். பெரிய தாம்பாளத்தில், அடுப்பில் வெந்த பாஸ்தா வந்தது. தக்காளிக் குழம்பும் பொரித்த கத்தரிக்காயும் சீஸும் அடுக்கடுக்காக, மேலே பொருக்கு விட்டு, ஓரம் கொதித்துக்கொண்டு. மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம் என்று அறிந்து அதைச் சேர்க்கவேயில்லை. நான் வெட்கப்பட்டு முதலில் கொஞ்சம் எடுத்தேன். "இன்னும் போடட்டோ?" என்றாள். எங்கள் முறைப்படி வேண்டாம் என்றேன். அவள் தாம்பாளத்தை என் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டாள்! யாழ்ப்பாணத்தில் வேண்டாம் என்பது முதல் வார்த்தைதானே, முடிவு இல்லையே. பிறகு வாய்விட்டுக் கேட்டு இரண்டாம் முறையும் வாங்கி, பிள்ளை மிச்சம் விட்டதையும் வழித்து, வயிறு முட்ட நிமிர்ந்தேன். அப்போது அக்கா அடுப்பைத் திறந்து உருளைக்கிழங்கோடு வாட்டிய முழுக் கோழியை வெளியே எடுத்தாள்.

"இது யாருக்கு?" என்று கணவரிடம் தமிழில் கேட்டேன்.

"எங்களுக்குத்தான். பாஸ்தா தொடக்கம். இனித்தான் சாப்பாடு."

"உங்களுக்குத் தெரியும் தானே, ஏன் சொல்லேல்லை?"

"நீர் இப்பிடிச் சந்தோசமாச் சாப்பிட்டு நான் கனநாள் காணேல்லை. குழப்புவானேன்?"

கோழியையும் சாப்பிட்டேன். அந்த வீட்டுக் குழம்பின் ருசி என்னை விடவில்லை. தோட்டத்துத் தக்காளி பழுக்கட்டும், இதே குழம்பை நான் வைத்து இவர்களுக்குப் போடுவேன் என்று மனதுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

சித்திரை வந்தது. வெயில் திடீரென்று கொளுத்தியது. கன்றுகள் ஒரு சாணுக்கு மேலே. நடுவதற்கு நல்ல நாள் என்றால் வருஷப்பிறப்பை அடித்துக்கொள்ள எது? ஊரில் அன்றைக்குத்தானே நாள்வேலை தொடங்குவார்கள். தமிழ்க் கடையில் கிடைத்த இரண்டு பஞ்சாங்கங்களையும் திறந்தேன். அங்கே தொடங்கியது என் பாடு. வாக்கியம் ஒரு நேரம் சொன்னது, திருக்கணிதம் வேறொரு நேரம் சொன்னது. சரி, வாக்கியம் என்று முடிவெடுத்தேன். அது யாழ்ப்பாணத்து நேரம். ஜெர்மனியில் நடுகிற கன்றுக்கு யாழ்ப்பாணத்து மணியா, கொலோன் மணியா? கழித்துப் பார்த்தால் கொலோனில் காலைத் தேத்தண்ணி நேரத்தில் வருகிறது. கழிக்காமல் விட்டால் மத்தியானம். கோடைக்கு என்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தார்களே, அதை என்ன செய்வது? ஒரு கிழமையாக இதையே யோசித்தேன்.

"கிரகங்களுக்கு விசா தேவையில்லை, அதுகள் எல்லா நேரமும் எல்லா இடமும் போகும். நீர் நடும்" என்றார் கணவர்.

வருஷப்பிறப்பன்று காலை, மகளுடைய பழைய தள்ளுவண்டியில் கன்றுகளை வரிசையாக நிறுத்தி, காற்றுப்படாமல் சால்வையால் மூடிக்கொண்டு ட்ராமில் ஏறினோம். எதிர் இருக்கையில் இருந்த ஒரு டொச்சுப் பெண் முகம் மலர்ந்து, குழந்தையைப் பார்க்கக் குனிந்தார். சால்வைக்குள் தக்காளி. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒன்பது பேர்" என்றாள் மகள் டொச்சில், பெருமையோடு. எண்ணத் தெரிந்தது அவ்வளவுதான். ட்ராம் பெட்டி முழுக்கச் சிரித்தது. நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

எல்லாவற்றையும் அன்றே கொண்டுபோகவில்லை. வீட்டு வாசல் வரை வந்தபிறகு எனக்கு ஒரு தயக்கம். வாக்கியம் பிழையாக இருந்து திருக்கணிதம் சரியாக இருந்தால்? பாதியை யன்னலிலேயே விட்டுவிட்டேன். கணவர் தலையில் கைவைத்தார். "ரெண்டு பஞ்சாங்கத்துக்கும் பங்கு பிரிச்சாச்சு" என்றார்.

தோட்டத்தில் அக்கம்பக்கத்துப் பாத்திகள் எல்லாம் வெறும் மண்ணாகக் கிடந்தன. கொத்திப் பண்படுத்தியிருந்தார்கள், ஆனால் ஒரு கன்றும் இல்லை. நல்ல வெயில் எறிக்கிறது, இந்தச் சனம் இப்படிச் சோம்பேறிகளாக இருக்கிறார்களே என்று நினைத்தேன். கிழக்கே பார்த்து, கும்பிட்டு, கழிக்காத கணக்கின்படி மத்தியான மணிக்கு முதல் கன்றை நட்டேன். பின்னால் தொம் தொம் என்று சத்தம் கேட்டது. திரும்பினேன். மகள் வேலியிலிருந்து கொட்டில்வரை ஓடிக்கொண்டிருந்தாள். முழுப் பாதமும் மண்ணில் பதிய, அந்தச் சத்தம் தனக்கே பிடித்துப்போய், திரும்பத் திரும்ப. நான் கையில் கன்றோடு அப்படியே குந்தியிருந்தேன். இந்தக் காணியை ஒருத்தருக்கும் விடமாட்டேன் என்று அப்போதுதான் தீர்மானமாக நினைத்தேன்.

வைகாசி பிறக்க முன்னரே உறைபனி வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் நட்டவையெல்லாம் சுடுதண்ணி ஊற்றியதுபோலக் கறுத்துத் தொங்கிக் கிடந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. வேலிக்கு அப்பால் இருந்த பக்கத்துத் தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, மே மாத நடுப்பகுதி வரையில் இங்கே ஒருவரும் தக்காளியை வெளியே விடமாட்டார்கள், கடைசிக் குளிரோடு வருகிற பனிப் புனிதர்களின் திருநாட்கள் கழியவேண்டும் என்றார், செத்தவீட்டில் பேசுவதுபோலத் தணிந்த குரலில். கிரகங்கள் எங்கே நிற்கின்றன என்று ஒரு கிழமை கணக்குப் பார்த்தவள், குளிர் எவ்வளவு என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"யன்னல்ல பாதி நிக்குதெல்லே?" என்றார் கணவர். பிறகு கறுத்த கன்றொன்றைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார். "உம்மட சந்தேகம் முதல்முறையா ஒரு வேலை செய்திருக்குது."

நின்றதுதான். ஆனால் பாதித் தக்காளியால் மூன்றில் ஒரு பங்கு நிரம்பாது. போஞ்சியும் சுக்கினியும் போட்டும் பெரிய வெற்றிடம். புதிதாக விதை வாங்கி நாற்றுப் போட நேரம் போதுமோ என்று குசினியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது தாளிக்கிற சாமான் பெட்டி. கடுகு, மல்லி, வெந்தயம். எல்லாம் விதைதானே! அப்படியே பெட்டியோடு தூக்கிக்கொண்டு ட்ராமுக்கு ஓடினேன். மல்லியைச் செருப்பால் தேய்த்து உடைத்து விதைத்தேன். ஒரு கிழமைக்குள் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல வெந்தயம். பின்னாலேயே கடுகு. என் குசினி மண்ணில் முளைத்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பனிப் புனிதர்கள் கழிந்தபின் மிச்சக் கன்றுகளை நட்டேன். கூடவே ஒரு மண் பூச்சாடிக்கு வெள்ளையடித்து, கரும்புள்ளி குத்தி, தடியில் கவிழ்த்து வைத்தேன். கன்றைக் கொன்றது பனி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ட்ராம் பெட்டி முழுக்க எட்டிப் பார்த்துச் சிரித்ததே, கண் படாமல் இருக்குமா? அக்கா வந்து பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்கவில்லை. நேரே காருக்குப் போய், கண்ணாடியில் தொங்கிய சின்னச் சிவப்புக் கொம்பைக் கழற்றிவந்து அந்தத் தடியிலேயே கட்டினாள்.

"நாவூறுக்கோ? நீங்களும் இதை நம்புறனீங்களோ?" என்று கேட்டேன்.

"நம்பிறேல்லை. ஆனா கட்டாம விடவும் ஏலாது."

"நானும் அப்பிடித்தான் அக்கா."

ஆடி மாதத்தில் முதல் தக்காளிகள் சிவந்தன. சங்கத்தார் பார்வையிட வருகிற நாளும் ஒரு திங்களாக அமைந்தது. அன்றைக்கு நானே சமைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நேரத்திலிருந்து பயம். காலையிலேயே தோட்டத்துத் தக்காளியைக் குழம்புக்கு அடுப்பில் ஏற்றினேன். சிறு நெருப்பில் விட்டு, அதன்பாட்டுக்குக் கிடக்கவிடு, கிண்டாதே என்று அக்கா பலமுறை சொல்லியிருந்தாள். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. கோழி இறைச்சி உருண்டைகளைப் போட்டபின் ருசி பார்த்தால் ஏதோ குறைகிறதுபோல இருந்தது. கொஞ்சம் பெருஞ்சீரகத்தை இடித்துத் தூவினேன். தூவிய கணமே கெடுத்துவிட்டேனோ என்று தோன்றியது. பானையைத் துவாயால் சுற்றித் தள்ளுவண்டியில் இருத்தி, மகளைப் பக்கத்தில் நடக்கவிட்டு, ட்ராமில் ஏறினோம்.

அக்கா மூடியைத் திறந்து கரண்டியால் ஒரு வாய் எடுத்தாள். புருவம் உயர்ந்தது.

"யார் சொன்னது உனக்கு, இதைப் போடச் சொல்லி?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. பிழையோ அக்கா?"

"எங்கட மாமியார் சொசேஜுக்குப் போடுறது இது. அவ ஒருத்தருக்கும் சொல்லித்தாறேல்லை. கள்ளி, எங்க பிடிச்சனி?"

கொட்டிலில் இருந்த சின்ன காஸ் அடுப்பில் பாஸ்தா கொதித்தது. வடித்து, குழம்பில் பிரட்டி, மேசைக்குக் கொண்டுவந்து வைக்க, வேலிப் படலை திறந்தது. சங்கத் தலைவர், கூட ஒருவர், கையில் அளவு நாடா. நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

தலைவர் முதலில் பார்த்தது பூச்சாடியை. "இது என்ன?"

"கலை" என்றார் முதலாளி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

தலைவர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுப் பாத்திகளுக்குப் போனார். தக்காளி சரி. போஞ்சி சரி. சுக்கினி அளவுக்கு மேலேயே சரி. என் தாளிதப் பாத்திகளுக்கு முன்னால் வந்து நின்றார். மல்லி வெள்ளையாகப் பூத்திருந்தது. வெந்தயம் காய்த்துச் சரிந்திருந்தது. "இது எல்லாம் களையா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத் தெரிந்தது. வெந்தயத்துக்கு டொச்சில் என்ன? எனக்கு மறந்துவிட்டது, அல்லது ஒருநாளும் தெரிந்திருக்கவில்லை. கணவருக்கும் தெரியாது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகள் வேலியோரம் ஓடிக்கொண்டிருந்தாள். அந்தத் தொம் தொம் சத்தம் என் காதில் விழுந்துகொண்டேயிருந்தது. திடீரென்று வாயில் வந்தது, பரீட்சைக்கு முதல்நாள் மனனம் செய்த தாவரவியல் பெயர்: "ட்ரைகொனெல்லா பீனம் கிரேக்கம்."

தலைவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். "இது?"

"கொரியாண்ட்ரம் சட்டைவம்."

"இது?"

"பிராசிக்கா ஜன்சியா."

அவர் கூட வந்தவரைப் பார்த்தார். அந்தப் பெயர்கள் அவர்களுக்கும் தெரிந்தவை. நான் யாழ்ப்பாணத்தில் உருப்போட்டதும் அவர்கள் விதைப் பைகளில் படித்ததும் ஒன்றே. ஆனாலும் கடுகில் வந்து பிடித்துக்கொண்டார். கடுகு மண்ணுக்குப் பசளையாகப் போடுவது, அது காய்கறிக் கணக்கில் வராது என்றார்.

"நாங்கள் இந்த இலையை வறுத்துச் சாப்பிடுவோம்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "இந்தப் பாத்தியில் மூன்றுமுறை வெட்டிச் சமைத்தேன்."

"சிசிலியில் இதன் உறவுக்காரனான காட்டுக் கீரையை நாங்களும் சாப்பிடுவோம்" என்று முதலாளி எழுந்து வந்தார். "உள்ளிப்பூண்டு போட்டு, ஒலிவ் எண்ணெயில். அதைக் காய்கறி இல்லை என்று என் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள் பார்ப்போம்."

நாடா விரிந்தது. கடுகுப் பாத்தியையும் சேர்த்து அளந்தார்கள். அவர்கள் சொன்ன ஒவ்வொரு அளவையும் நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டு நின்றேன். தலைவர் நாடாவைச் சுருட்டினார். வேலி உயரம் கூடிவிட்டது, வெட்டவேண்டும் என்றார். ஆப்பிள் கிளை நடைபாதைக்கு மேலே நீள்கிறது என்றார். மற்றப்படி மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே இருக்கிறது, காணியை எடுக்கவேண்டிய காரணம் இல்லை என்று சொல்லி முடித்தார்.

"அப்ப இனி இந்தக் காணி யார் பேரில?" என்று தலைவர் முதலாளியைக் கேட்டார். அவர் என்னைக் காட்டினார். நான் வழக்கம்போலக் கணவரைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்கிறீர்? நான் பிஸ்ஸாக்காரன்" என்றார் அவர்.

வேறு எந்த விஷயமாக இருந்தாலும் நாளைக்குச் சொல்கிறேன் என்றிருப்பேன். குத்தகை, வேலி வெட்டு, குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் என்று கேட்க ஆயிரம் கேள்விகள் இருந்தன. ஒன்றும் கேட்கவில்லை. "ஓம்" என்று தமிழிலேயே சொன்னேன். தலைவருக்கு என் முகத்தைப் பார்த்தே விளங்கியிருக்கவேண்டும். தன் சாவி வளையத்திலிருந்து பிரதான படலைத் திறப்பு ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அடுத்த தோட்டத்துக்குப் போனார்.

அக்கா மேசையிலிருந்து கத்தினாள். "பாஸ்தா ஆறுது! பிறகு கொண்டாடலாம், முதல்ல வா, இரு!"

மகளைப் பிடித்து மடியில் இருத்தினேன். அவள் பாண் துண்டைக் குழம்பில் தோய்த்துச் சட்டையெல்லாம் சிவப்பாக்கினாள். நான் ஒரு கையால்தான் சாப்பிட்டேன். உருண்டையை முள்ளுக்கரண்டியால் பிளக்க முடியாமல் அது தட்டைச் சுற்றி ஓடியது.

"அந்தத் திறப்பைக் கீழ வையன். ஒருத்தரும் எடுக்கமாட்டினம்" என்றாள் அக்கா.

"ஏலாது அக்கா" என்றேன். அவள் எட்டி என் தட்டை இழுத்து, உருண்டைகளை எனக்காக வெட்டித் தந்தாள்.